சுடுதளமும் அண்டைவீட்டாரும்

மராத்தி மொழியில் ‘கோளிபார்’ என்னும் சொல்லுக்குத் துப்பாக்கிச் சூடு என்பது பொருள். மும்பை மாநகரில், காட்கோபரின் மேற்குப் பகுதியில் கோளிபார் சாலை என்றொரு சாலை இருக்கிறது. அதே வட்டாரத்தில் ‘ரைபிள் ரேஞ்ச்’ என்றே பெயர் வழங்கும் குடியிருப்பும் உண்டு. சாந்தாகுரூசின் கிழக்குப் பகுதியிலும் கோளிபார் என்னும் பெயர் தாங்கிய, வீடுகள் நெருங்கிய பகுதியொன்று உள்ளது. ஊருக்குப் புறம்பாகக் கிடந்த வெளிகளை ஊர் வளர்ந்து தன்னுள் அடக்கிக் கொண்டதற்கு இப்பெயர்களே சான்று பகர்கின்றன. பெயர் பழையது, குடிகள் புதியவர்கள்.

ஆனால் எல்லா ஊர்களிலும் சுடுதளம் பெயரளவில் மறைந்து போவதில்லை. தளமும் இருக்கிறது, அதனைச் சூழ வீடுகளும் வந்துவிடுகின்றன. அப்போது பிணக்கு எழுகிறது. “நாங்கள் ஐம்பது ஆண்டுகளாக இங்கே சுட்டு வருகிறோம், நீங்கள் நேற்று வந்தவர்கள்” என்று கழகத்தார் கூறுவர். “எங்கள் குழந்தைகள் உறங்க வேண்டாவா?” என்று வீட்டார் கேட்பர். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வந்து வாழும் நமக்கு இவ்வழக்கில் ஒரு தனி அக்கறை உண்டு. தாராவியாயினும், மாதுங்காவாயினும், செம்பூராயினும், “பின்னால் வந்தவர்கள்தாமே நீங்கள்” என்னும் சொல்லைத் தண்ணீர்க் குழாயடியிலோ, வீட்டு வசதிச் சங்கக் கூட்டத்திலோ ஒருமுறையேனும் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. பின்னால் வந்தவனுக்கு உரிமை குறைவா என்பதே இப்பிணக்கின் அடியில் கிடக்கும் கேள்வி.

முதற்கண், கழகத்தாரின் பக்கத்தைக் காண்போம். துப்பாக்கி சுடுதல் மனத்தை ஒருமுகப்படுத்தும் ஓர் அரிய கலை. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. மக்களவையின் முதல் தலைவரான மவலங்கர் அதன் முதல் தலைவராக விளங்கினார். தாதர் கீர்த்தி கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து துப்பாக்கியைக் கையிலெடுத்த அஞ்சலி பாகவத், ஒர்லியிலுள்ள மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் தளத்தில் பயின்று, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை சென்றார். கடலூரிற் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பொற்பதக்கம் வென்றார். நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெண் அவர். ஆகவே, சுடுதளம் என்றாலே வேண்டாத இடம் என்று தள்ளிவிடுதல் முறையாகாது. நம் பிள்ளைகளும் நாளை அங்கே பயிலக்கூடும்.

இனிப் பிணக்கினுள் நுழைவோம். கழகத்தாருக்கும் அண்டைவீட்டாருக்கும் இடையே நடப்பது வெளிப்பார்வைக்கு ஒரே சண்டையாகத் தோன்றினும், உண்மையில் அஃது இரண்டு சண்டைகள். ஒன்று குண்டைப் பற்றியது. மற்றொன்று ஓசையைப் பற்றியது. இவ்விரண்டையும் கலந்து பேசுவதாலேயே பல வழக்குகள் முடிவின்றி நீளுகின்றன. குண்டின் வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை. ஓசையின் வழக்கிலோ சமரசமே சிறந்த மருந்து.

குண்டைப் பற்றி முதலில் ஆராய்வோம். பத்து மீட்டர் போட்டியில் பயன்படும் காற்றுத் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டு, குழலை விட்டுப் புறப்படும்போது ஏறத்தாழ 7.5 ஜூல் ஆற்றலே உடையது. அது சில நூறு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். ஐம்பது மீட்டர் போட்டியில் பயன்படும் சிறு ரைபிளின் குண்டு ஏறத்தாழ 140 ஜூல் ஆற்றல் பெற்று, தடையின்றிப் பறந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லவல்லது. படையினர் கையாளும் ரைபிளின் குண்டோ 1600 ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலுடன் புறப்பட்டு மூன்று கிலோமீட்டரளவும் சென்று விழக்கூடும். இலக்கு ஐம்பது மீட்டரில் இருக்கிறது என்பதால் குண்டும் ஐம்பது மீட்டரோடு நின்றுவிடும் என்று எண்ணலாகாது. இலக்கின் பின்னே அதனைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு இருந்தால்தான் அது நிற்கும்.

இதன் கொடுமையை நம் தாயகமே கண்டது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் தளம் உண்டு. அது விளையாட்டுக் கழகத்தின் தளமன்று; காவற்படையினர் பயிலும் இடம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்த வேளையில், தளத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் தன் தாத்தாவின் வீட்டில் உணவருந்திக் கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டும், 2022 ஜனவரி 3ஆம் நாள் அச்சிறுவன் உயிர் நீத்தான். தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது. மாநில அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆயினும், சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருந்த பிள்ளைக்கு ஈடு ஏது? அச்சிறுவன் சுடுதளத்தின் பக்கமே செல்லவில்லை. “அபாயம், வராதே” என்னும் பலகையால் அவனுக்கு யாதொரு காப்பும் இல்லை.

ஆதலால் குண்டின் வழக்கில் கேட்க வேண்டிய கேள்விகள் நேரானவை. இலக்கின் பின்னே போதிய உயரத்தில், கல் கலவாத மண்மேடு உளதா? கல்லில் பட்ட குண்டு தெறித்துத் திசை மாறும். மண்ணில் பட்டது புதையும். பக்கச் சுவர்களும், குழல் சற்றே உயர்ந்தாலும் குண்டு வெளியேறாதபடி மேலே தடுப்புகளும் உளவா? சுடும் வேளையில் சிவப்புக் கொடி ஏற்றப்படுகிறதா? எந்த வகைத் துப்பாக்கிக்கு அத்தளம் அமைக்கப்பட்டதோ அதனைவிட ஆற்றல் மிக்கது அங்கே கையாளப்படுகிறதா? இவற்றுள் ஒன்றற்கேனும் நிறைவான விடை இல்லையெனில், விடை வரும் வரையில் சுடுதலை நிறுத்தி வைப்பதே நெறி. இங்கே எவர் முன்னர் வந்தார் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

இனி ஓசைக்கு வருவோம். துப்பாக்கியின் ஓசை மற்ற நகர ஓசைகளைப் போன்றதன்று. ஆலையின் இரைச்சலுக்கும் ரயிலின் கடகடப்புக்கும் செவி ஒருவாறு பழகிவிடும். துப்பாக்கி ஓசையோ ஒரு நொடியின் நூற்றிலொரு பங்குகூட நீடிப்பதில்லை. அடுத்தது எப்போது வரும் என்பதும் தெரிவதில்லை. திடுக்கிடுதலே அதன் இயல்பு. குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிச் சென்றால், குழலின் வாயில் எழும் வெடியோசையோடு காற்றைக் கிழிக்கும் மற்றோர் ஓசையும் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவெனக் கொள்ளப்படும். ஆனால் இவ்வளவுகள் ஒரு குறிப்பிட்ட கால அளவின் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுபவை. ஒரு மணி நேரத்தில் அறுபது குண்டுகள் சுடப்பட்டன என்று கொள்வோம். அவ்வெடிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நொடியைக்கூட எட்டா. எஞ்சிய நேரமெல்லாம் அமைதி. வெடியின் வன்மை சராசரியில் பெரிதும் கரைந்துவிடுகிறது. கருவி வரம்புக்குள் இருக்கிறது என்று காட்டக்கூடும். தொட்டிலிற் கிடக்கும் குழந்தையோ அறுபது முறை விழித்தழும். கருவியைக் காட்டுபவரும் பொய் சொல்லவில்லை. தாயும் பொய் சொல்லவில்லை.

இச்சிக்கலைச் சுவிட்சர்லாந்து நாட்டார் நன்கு எண்ணிப் பார்த்திருக்கின்றனர். ஊர்தோறும் சுடுதளம் உள்ள நாடு அது. 1986ஆம் ஆண்டின் அந்நாட்டு ஒலிக்காப்பு ஆணையில் சுடுதளங்களுக்கெனத் தனி இணைப்பே உண்டு. வெடியின் வன்மையை மட்டும் பாராது, ஆண்டில் எத்தனை அரைநாள்கள் சுடுகின்றனர், எத்தனை குண்டுகள் சுடுகின்றனர் என்பனவும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் ஞாயிற்றுக்கிழமையின் ஓர் அரைநாள், வாரநாளின் மூன்று அரைநாள்களுக்குச் சமமாக எண்ணப்படுகிறது. ஓய்வு நாளின் அமைதி மும்மடங்கு விலையுடையது என்பதை அச்சட்டம் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது.

இப்போது, முன்னர் வந்தவர் யார் என்னும் பழைய கேள்விக்குத் திரும்புவோம். 1879ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டர்ஜஸ் என்பாருக்கும் பிரிட்ஜ்மன் என்பாருக்கும் நடந்த வழக்கு இதில் வழிகாட்டி. இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவர் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தம் சமையற்கட்டில் உரலும் உலக்கையுமாக இடித்து வந்தார். அண்டையில் வாழ்ந்த மருத்துவர் பிற்காலத்தில் அச்சுவரையொட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறையொன்றைக் கட்டினார். “நான் முன்பே இடித்து வந்தேன்” என்னும் வாதம் செல்லவில்லை, மருத்துவரே வென்றார். தொல்லை இருக்குமிடத்துக்குத் தானே வந்து சேர்ந்தான் என்பதால் ஒருவன் தன் உரிமையை இழப்பதில்லை என்பது அதிலிருந்து பெறப்படும் கொள்கை. அமெரிக்க நாட்டிலோ பெரும்பான்மையான மாநிலங்கள் இதற்கு மாறாக, பழைய சுடுதளங்களை ஒலி வழக்குகளினின்று காக்கும் சட்டங்களை இயற்றியுள்ளன.

நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லையைப் பற்றியது. ‘நியூசென்ஸ்’ என்னும் சொல்லை அச்சட்டத்தின் இந்தி வாசகம் அவ்வாறே ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டது. நாம் ‘தொல்லை’ என்கிறோம். சுற்றுப்புறத்தில் வசிப்போர்க்குப் பொதுவாகத் தீங்கோ, அபாயமோ, தொந்தரவோ விளைப்பதை அப்பிரிவு குற்றமாகக் கொள்கிறது. அத்துடன், அச்செயலால் ஏதேனும் வசதியோ நன்மையோ உண்டென்பது அதற்கு மன்னிப்பாகாது என்றும் கூறுகிறது. பதக்கம் வருகிறது என்பதற்காக அண்டைவீட்டாரின் உறக்கத்தை எடுத்துக்கொள்ள இயலாது.

ஆயினும், தொல்லை என்று தீர்ந்தவுடன் கதவை இழுத்து மூடுவது மட்டுமே தீர்வாகாது. 1977இல் இங்கிலாந்தின் லின்ட்ஸ் என்னும் சிற்றூர்க் கிரிக்கெட் கழகத்தின் மீது ஒரு வழக்கு நடந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆட்டம் நடந்த திடலின் அருகே புதிய வீடுகள் எழுந்தன. பந்துகள் தோட்டங்களில் வந்து விழுந்தன. கழகத்தின் மீது தவறு உண்டென்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டனர். எனினும் ஆட்டத்தைத் தடை செய்யாது, நானூறு பவுன் இழப்பீட்டோடு அமைந்தனர். நம் மும்பையிலோ, மாதுங்காவுக்கு அண்மையிலுள்ள சிவாஜி பூங்காவை 2010ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அமைதி மண்டலமாக்கியபோது, குறிப்பிட்ட சில நாள்கள் விலக்காக விடப்பட்டன. திடலும் இருக்க வேண்டும், அண்டையாரும் வாழ வேண்டும் என்னும் நோக்கே இரண்டிலும் காணப்படுகிறது.

அந்நோக்கில் ஓசைக்கான பரிகாரங்கள் பல உண்டு. சுடும் நேரங்களை முன்னதாக வரையறுத்து அறிவித்தல், தேர்வுக் காலங்களிலும் விடுமுறைக் காலைகளிலும் ஓய்தல், சுடுமிடத்துக்கு ஒலியுறிஞ்சும் கூரையும் சுவரும் அமைத்தல், நெருக்கமான பகுதிகளில் காற்றுத் துப்பாக்கியை மட்டும் மூடிய கூடத்தில் கையாளுதல் ஆகியவை கழகத்தாரால் ஆகக்கூடியவையே. நார்த்தாமலை தந்த அச்சம் வேறு, ஞாயிற்றுக்கிழமை உறக்கம் கெட்ட எரிச்சல் வேறு என்பதை வீட்டாரும் தெளிந்து பேச வேண்டும்.

பாதிக்கப்பட்டோர் செய்ய வேண்டியது யாது? சுடும் நாள், நேரம், வெடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சில வாரங்கள் குறித்து வைத்தல் முதற்படி. தனியொருவர் எழுதுவதைவிட, வீட்டு வசதிச் சங்கத்தின் பெயரால் கழகத்தின் செயலாளருக்கு எழுதுவது வலிமை தரும். ஒலி, விதித்த வரம்பைப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ மிஞ்சினால் உரிய அதிகாரியிடம் முறையிட 2000ஆம் ஆண்டின் விதிகள் இடந்தருகின்றன. மும்பையில் துப்பாக்கி உரிமங்களை வழங்கும் அதிகாரம் உடையவர் மாநகரக் காவல் ஆணையர். பாதுகாப்புக் குறையை அவருக்கே நேராக எழுதலாம். தொல்லையை நீக்குமாறு நிர்வாக நடுவர் ஆணையிடுவதற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 152ஆம் பிரிவு வழி செய்கிறது. குண்டோ குண்டின் துணுக்கோ வீட்டெல்லையில் கிடக்கக் கண்டால், கடிதப் போக்குவரத்துக்குக் காத்திராது அன்றே காவல் நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். கண்டெடுத்ததைக் கையால் தொடாது, கிடந்த இடத்திலேயே காட்டுதல் நலம்.

பின்னால் வந்தவர்கள் என்பதனால் நாம் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. முன்னரே இருந்தவர்கள் என்பதனால் கழகத்தார் வெளியேற வேண்டியதும் இல்லை. கழகத்தாரின் குண்டு அவர்தம் மண்மேட்டோடு நிற்கட்டும். அதன் ஓசை இரு திறத்தாரும் அமர்ந்து பேசி முடிவு செய்த மணிக்கணக்குக்குள் அடங்கட்டும். இவ்விரண்டும் எய்திய பின், சுடுதளத்தின் அருகே குடியிருப்பதும் ரயில் பாதையின் அருகே குடியிருப்பது போல ஒரு பழக்கமாகிவிடும்.