கோழிக்குள் ஒரு சேமிப்பறை
ஐதராபாத்தில் ராஜேந்திரநகரில் இருக்கிறது மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம். பழுப்பு முட்டையிடும் கிராமப்பிரியா கோழி உருவானது இங்கேதான். அதைப் போன்ற எந்த முட்டைக்கோழிக்கும் இடப்பக்க முட்டைக்குழாய் மட்டுமே வேலை செய்கிறது. அதன் சுவரை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் மடிப்பு மடிப்பாகச் சுரப்பிகள் தெரியும். வெள்ளைக்கரு சுரக்கச் சுமார் 3 மணி நேரம், ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம்.

எல்லாவற்றிலும் வியப்பானவை, கருப்பையும் யோனியும் சேருமிடத்தில் உள்ள நுண்குழல்கள். சேவலின் விந்தணுக்கள் கோழியின் 41 டிகிரி உடல் வெப்பத்திலும் அங்கே உயிரோடு தங்குகின்றன. சேவலைப் பிரித்து இரண்டு வாரமான பிறகும் கோழி கருவுற்ற முட்டையிடுவது இதனால்தான். ஆகவே, பழைய சேவலை நீக்கி வேறு இனச் சேவலை விட்டவர்கள், அடைக்கு முட்டை எடுக்க மூன்று வாரமாவது பொறுத்திருங்கள்.