ஆப்கானிஸ்தானில் பெண் கல்வி

ஆப்கானிஸ்தானில் பெண் கல்வி நூறாண்டு வரலாறு கொண்டது. அந்த வரலாற்றில் பெண்கள் பள்ளிகள் பலமுறை திறக்கப்பட்டும் மூடப்பட்டும் உள்ளன. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிப்பதை அரசே தடை செய்துள்ள ஒரே நாடு இன்று ஆப்கானிஸ்தான்தான். வறுமை, பள்ளியின் தொலைவு, இளவயதுத் திருமணம், பாதுகாப்பின்மை ஆகியவை பல நாடுகளில் பெண் குழந்தைகளின் படிப்பைத் தடுக்கின்றன. ஆப்கானிஸ்தானில் இவை அனைத்தும் உண்டு. இவற்றோடு 2021 முதல் ஆட்சியாளரின் தடையும் சேர்ந்துகொண்டது.

தொடக்க காலம்

மன்னர் அமானுல்லாவின் துணைவியாரான அரசி சொரயா, 1921இல் காபூலில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1928இல் மாணவியர் சிலர் மேற்படிப்புக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். மறு ஆண்டே கிளர்ச்சியால் மன்னர் பதவி இழந்தார். பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன. துருக்கி சென்ற மாணவியர் திரும்ப அழைக்கப்பட்டனர். பின்னர் வந்த மன்னர்களின் காலத்தில் பெண்கள் பள்ளிகள் மெல்ல மீண்டும் இயங்கத் தொடங்கின. 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கல்வியை அனைவருக்குமான உரிமையாக அறிவித்தது. ஆனால் அதன் பயன் பெரும்பாலும் காபூல் போன்ற நகரங்களோடு நின்றுவிட்டது.

மறைவில் நடந்த வகுப்புகள்

1996இல் தாலிபான் காபூலைக் கைப்பற்றியதும் பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன. படிப்பு வீடுகளுக்குள் மறைவாக நடந்தது. சகினா யாகூபி 1995இல் தொடங்கிய ஆப்கான் கற்றல் நிறுவனம், ஏறத்தாழ 80 வீட்டுப் பள்ளிகளில் 3,000 பெண் குழந்தைகளுக்குக் கல்வி அளித்தது. ஹெராத் நகரில் 'பொன் ஊசி' என்ற தையல் பள்ளி இயங்கியது. தைப்பதற்கு அன்றைய ஆட்சி அனுமதி அளித்திருந்தது. எனவே துணியும் கத்தரிக்கோலும் வைத்த பையின் அடியில் நோட்டுப் புத்தகத்தை மறைத்துக்கொண்டு பெண்கள் அங்கே சென்றனர். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவர்களுக்கு இலக்கியம் கற்பித்தார். பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட நாடியா அஞ்சுமன் அங்கே பயின்றவர்.

2001க்குப் பின் நீடித்த தடைகள்

2001இல் தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2001இல் உயர்கல்வியில் ஏறக்குறைய 5,000ஆக இருந்த மாணவியர் எண்ணிக்கை, 2021இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்கிறது யுனெஸ்கோ. எனினும் கிராமப்புறங்களில் நான்கு தடைகள் நீடித்தன.

முதலாவது தொலைவு. கோர் மாகாணத்தில் 31 கிராமங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. சில கிராமங்களில் மட்டும் ஊருக்குள்ளேயே பள்ளி அமைத்து, பள்ளி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பள்ளி வந்த ஊர்களில் குழந்தைகளின் சேர்க்கை 42 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. சேர்க்கையில் ஆண், பெண் குழந்தைகளுக்கு இடையே 21 சதவீதப் புள்ளிகளாக இருந்த இடைவெளி மறைந்தது. பெற்றோருக்குப் பெண்ணைப் படிக்கவைக்க விருப்பமில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அங்கே பெரிய தடையாக இருந்தது நடக்க வேண்டிய தூரமே என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

இரண்டாவது கட்டட வசதி. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 41 சதவீதப் பள்ளிகளுக்குக் கட்டடமே இல்லை. சுற்றுச்சுவரும் கழிப்பறையும் இல்லாத பள்ளிக்கு, பூப்படைந்த பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின.

மூன்றாவது ஆசிரியைப் பற்றாக்குறை. வளர்ந்த பெண்ணுக்கு ஆண் ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பல குடும்பங்கள் ஏற்பதில்லை. ஊரில் படித்த பெண் இல்லாவிட்டால் ஆசிரியை இல்லை. ஆசிரியை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையிலும் படித்த பெண் உருவாவதில்லை.

நான்காவது வன்முறை. 2008இல் கந்தகாரில் பள்ளிக்குச் சென்ற மாணவியர் மீது அமிலம் வீசப்பட்டது. 2021 மே மாதம் காபூலில் ஒரு பள்ளி வாயிலில் நடந்த குண்டுவெடிப்பில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவியர்.

2021 முதல் விதிக்கப்பட்ட தடைகள்

2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. செப்டம்பரில் ஏழாம் வகுப்பு முதல் மேல்நிலை வகுப்புகள் வரை ஆண் மாணவர்கள் மட்டும் பள்ளிக்கு அழைக்கப்பட்டனர். 2022 மார்ச் 23 அன்று மாணவியருக்கும் பள்ளி திறக்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று காலை பள்ளிக்கு வந்த மாணவியர், முடிவு மாற்றப்பட்டதாகக் கூறித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பயிற்சியும் நிறுத்தப்பட்டது. இத்தடையால் கல்வி இழந்த சிறுமியர் 22 லட்சம் என யுனிசெப் 2025இல் தெரிவித்தது.

ஆட்சியாளர்கள் இத்தடைக்குச் சமயத்தைக் காரணம் காட்டுகின்றனர். ஆனால் எகிப்தின் அல் அசர் தலைமை இமாம் அகமது அல் தய்யிப், பல்கலைக்கழகத் தடை இசுலாமியச் சட்டத்துக்கு முரணானது என்று 2022லேயே கண்டித்தார். பிற முஸ்லிம் நாடுகள் எதிலும் இத்தகைய தடை இல்லை.

தொடர் விளைவுகள்

மாணவியருக்கான தடையின் விளைவுகள் மாணவியரோடு நிற்பதில்லை. ஆப்கானிஸ்தானில் பெண் நோயாளிகளைப் பெண்களே கவனிப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் முதலான அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, 2020இல் அங்கே ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 620 தாய்மார் இறந்தனர். இப்படிப்பட்ட நாட்டில் புதிய மகப்பேறு உதவியாளர்கள் பயிற்சி பெறாவிட்டால், இப்போதிருப்பவர்கள் ஓய்வுபெறும்போது அவர்கள் இடத்துக்கு வர யாரும் இருக்கமாட்டார்கள்.

சிறுவர்களின் கல்வியும் தப்பவில்லை. ஆசிரியைகள் ஆண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தடை விதிக்கப்பட்டதால் ஆசிரியர் பற்றாக்குறை கூடியது. 2019இல் 68 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, 2022இல் 57 லட்சமாகக் குறைந்தது. ஆசிரியர் பற்றாக்குறையையும் இதற்கு ஒரு காரணமாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது.

2021 இறுதியில் ஆறாம் வகுப்பை முடித்த மாணவி, தடை இல்லாதிருந்தால் 2027 இறுதியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பார். அதன்பின் பயிற்சி பெற்று ஆசிரியையாகவோ செவிலியராகவோ ஆகியிருக்கவும் கூடும். தடை நாளையே நீக்கப்பட்டாலும், இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் உருவாகியிருக்க வேண்டிய ஆசிரியைகள் உடனே கிடைக்கமாட்டார்கள். பூட்டிய பள்ளியை ஒரே ஆணையால் திறந்துவிடலாம். அங்கே பாடம் நடத்த ஓர் ஆசிரியையை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவைப்படும்.