ஆணா, பெண்ணா?

நவராத்திரிக்கு அண்டை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். அவ்வீட்டு மருமகளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இப்பொழுது மூன்று மாதம். "மாங்காய் கேட்கிறாள், பிள்ளைதான்" என்றார் ஒரு பாட்டி. "மசக்கை பலமாயிருக்கிறது, பெண்தான்" என்றார் இன்னொரு பாட்டி. இருவரில் ஒருவர் வாக்கு நிச்சயம் பலிக்கும் என்று நாம் சிரித்தோம். அப்பொழுது மாமியார் அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் எதற்கு? இப்பொழுதே சோதித்துத் தெரிந்துகொள்ளலாமாமே, வாத்தியார் ஸார்?" சுண்டல் கொடுத்துக் கொண்டிருந்த மருமகளின் கை ஒரு கணம் நின்றுவிட்டது.

இந்த ஆவல் இன்று நேற்று வந்ததல்ல. மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பே எகிப்து தேசத்து ஸ்திரீகள் கோதுமையையும் பார்லியையும் சிறுநீரால் நனைத்து, எது முந்தி முளைக்கிறதென்று பார்த்தார்கள். 1963-ல் இந்த முறையைக் கெய்ரோவில் சோதித்தார்கள். கர்ப்பம் உண்டா என்பதைத் தானியங்கள் ஓரளவு சரியாகவே காட்டின. ஆணா, பெண்ணா என்பதை மட்டும் காட்டவில்லை!

உண்மையில், கரு உண்டாகும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. தாயின் கருமுட்டை தருவது எக்ஸ் என்னும் குரோமோசோம். தந்தையின் விந்தணு எக்ஸ் அல்லது ஒய், இரண்டில் ஒன்றைக் கொண்டு வருகிறது. எக்ஸ் வந்தால் பெண். ஒய் வந்தால் ஆண். 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மாது, மாவில் வளரும் வண்டை ஆராய்ந்து இந்த ரகசியத்தைக் கண்டார். ஆகவே, "பெண்ணாகவே பெறுகிறாள்" என்று மருமகளை ஏசுவதில் நியாயமே இல்லை. மகனை ஏசுவதும் வீண். அவர் வசத்திலும் அது இல்லை.

பிறகு கருவின் பாலைக் கண்டறியும் வித்தைகள் வந்தன. 1956-ல் பனிக்குட நீரிலுள்ள உயிரணுக்களைக் கொண்டு கண்டார்கள். தாயின் இரத்தத்திலேயே சிசுவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதை 1997-ல் டென்னிஸ் லோவும் அவரது சகாக்களும் வெளியிட்டார்கள். இன்று பத்து வாரத்திலேயே சிறிதளவு இரத்தம் போதும். இரத்தம் உறையாத ஹீமோபீலியா போன்ற வியாதிகள் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். அத்தகைய குடும்பங்களுக்கு இந்தச் சோதனை பெரும் உதவி.

ஆனால் நம் நாட்டில் இவ்வித்தை எதற்குப் பயன்பட்டது? இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறப்பார்கள். ஜனக் கணக்கின்படி ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் 927 பேர்தான். வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய குழந்தைகள் அல்லவா இவர்கள்? உபாத்தியாயராகிய நமக்கு இது வெறும் கணக்கல்ல.

இதனால்தான் 1994-ல் சட்டம் பிறந்து, 1996-ல் அமுலுக்கு வந்தது. கருவின் பாலை வார்த்தையாலோ, சைகையாலோ, வேறெவ்விதத்திலோ எவரும் தெரிவிக்கலாகாது. கேட்பதும் சோதிப்பதும் சிறைவாசத்தில் முடியக்கூடும்.

இவ்வளவையும் அந்த அம்மாளுக்கு எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், மருமகளை அழைத்தார். "நின்றது போதும், உட்கார் அம்மா. சுண்டலை நான் கொடுக்கிறேன்" என்றார்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தாயும் சிசுவும் சௌக்கியமா?