கப்பல் போன பிறகும் கடை திறந்திருக்கும் காலி

மலையகத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் அது கொழும்புப் புறக்கோட்டைதான். சாமான் எடுப்போம், லொறியில் ஏற்றுவோம், இரவோடிரவாகத் திரும்பி விடுவோம். காலிக்குப் போக நமக்கு வேலை எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் வியாபாரி ஒருவர் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டாவது போய்ப் பார்க்க வேண்டிய ஊர் காலி என்பது எனது அபிப்பிராயம். தன்னுடைய மிகப் பெரிய வாடிக்கையாளரை முழுதாகவே இழந்து, அதன் பிறகும் பிழைத்திருக்கும் பட்டணம் அது. அந்த வாடிக்கையாளர் கப்பல்.

காலித் துறைமுகத்தின் வயதை யாரும் சரியாகச் சொல்ல முடியாது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, நமது மஸ்கெலியாப் பக்கத்துப் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெற்கே இறங்கிக் காலிக்கும் போயிருக்கிறார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் ஒருவர் தமக்கு விருந்தளித்ததாக எழுதி வைத்துள்ளார். போர்த்துக்கேயர் இந்தப் பக்கம் தலைகாட்டுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்திய கதை இது.

இன்னொரு சாட்சி ஒரு கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு அது. 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டது. 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் என்று பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் முதலிய காணிக்கைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஒரே கல், மூன்று மொழி. அறுநூறு வருடங்களுக்கு முன்பே, வருகிறவர்கள் யார் யார் என்று பார்த்து எழுதத் தெரிந்திருக்கிறது. நமது பஜார்களில் இன்றைக்கும் ஒரே மொழியில் பலகை மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், 1640 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தார்கள், 1796 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நமக்கு வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

1840களில் நீராவிக் கப்பல்கள் காலிக்கு வரத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின, தபால் இறக்கின, பயணிகளை மாற்றின. தபாலோடு லண்டன் சந்தை விலைகளும் வந்தன. கொழும்பிலிருந்த 'ஒப்சேவர்' பத்திரிகை 1850 இல் ஒரு வேலை செய்தது. காலியில் கப்பல் வந்ததும் செய்தியைப் புறாவில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது. 1858 இல் தந்தி வரும்வரை இந்தப் புறாச் சேவை நடந்தது. விலை முதலில் யாருக்குத் தெரிகிறதோ அவருக்கே இலாபம் என்பது அப்போதும் இதே கணக்குத்தான்.

கப்பல் நிற்கும் சில மணி நேரமே காலி வியாபாரியின் சந்தை. இறங்கும் பயணியிடம் மாணிக்கக்கல், ஆமையோட்டுச் சாமான், ரேந்தை, கருங்காலிப் பெட்டி எல்லாம் விற்றார்கள். ஓ. எல். எம். மாக்கான் மாக்கார் என்ற பெயர்பெற்ற இரத்தினக்கல் நிறுவனம் 1860 இல் தொடங்கியது இந்தச் சந்தையை நம்பித்தான்.

ஆனால் துறைமுகத்தில் ஒரு குறை இருந்தது. வாசலில் பாறைகள், தென்மேற்குப் பருவக்காற்றில் உள்ளே புகுந்துவிடும் அலை. 1860 மே மாதம் 'மலபார்' என்ற தபால் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே சேதமடைந்து அமிழ்ந்தது. இங்கிலாந்தின் பிரபு எல்ஜினும் பிரான்ஸின் தூதரும் அதில் இருந்தார்கள், உயிர் தப்பினார்கள். காலியைத் திருத்துவதா, கொழும்பில் புதிதாகக் கட்டுவதா என்ற வாதம் வருடக்கணக்கில் நடந்தது. அதன் விடை மலையில் இருந்தது. ஏற்றுமதிக்குரிய கோப்பி கண்டிப் பக்கம் விளைந்தது, 1867 இலேயே கண்டிக்கும் கொழும்புக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சரக்கு எந்த ஊரில் வந்து இறங்குகிறதோ அந்த ஊருக்குத்தானே கப்பலும் வரும்? கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார், 1885 இல் வேலை முடிந்தது. அதே காலத்தில்தான், 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் ரயில் ஏறி வந்தது. தேயிலை ஏலம் கொழும்பில் 1883 இல் ஆரம்பமாகியிருந்தது. நமது தேயிலைப் பெட்டியை ஏற்றிச் சென்ற ஏற்பாடுதான் காலியின் அடுப்பை அணைத்தது எனலாம்.

அப்போது காலி வியாபாரிகள் என்ன செய்தார்கள்? சிலர் கப்பலின் பின்னாலேயே போனார்கள். மாக்கான் மாக்கார் நிறுவனம் கொழும்பில் பயணிகள் தங்கும் பெரிய ஹோட்டல்களிலேயே கடை வைத்தது. சரக்கு மாறவில்லை, இடத்தை மாற்றினார்கள். மற்றவர்கள் இடத்தை விடவில்லை, சரக்கை மாற்றினார்கள். பிடவை, இரும்புச் சாமான், பலசரக்கு என்று சுற்றுவட்டக் கிராமத்து மக்களை நம்பினார்கள். மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருந்திருக்கும். கப்பல் திரும்பி வரும் என்று காத்திருந்தவர்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கடைப் பலகையிலும் மிஞ்சவில்லை.

கோட்டைக்குள் நமது சமூகத்தவரின் வீடுகள் பல இருந்தன. வெளிச்சவீட்டுக்கு எதிரேயுள்ள மீரான் பள்ளிவாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் கிறிஸ்தவக் கோவில் போலிருக்கும். 1988 இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அடித்துச் சென்றபோது கோட்டையின் உட்புறத்தைப் பழைய மதில் காப்பாற்றியது. வெளிநாட்டவர்கள் கோட்டைக்குள் வீடு வாங்கத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய இதுதான். உடைந்த கூரையோடு கிடந்த வீட்டுக்குக் கனவிலும் காணாத விலை வந்தது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டும், பங்குகள் பத்தாகப் பிரிந்திருக்கும். ஆனால் விற்காமல் குத்தகைக்குக் கொடுத்தவர்களும், முன்னறையைக் கடையாக்கிப் பின்னறையில் குடியிருந்தவர்களும் இன்று அந்த வாசலில் தாங்களே முதலாளி. விற்றவரின் மகன் அதே தெருவில் சம்பளத்துக்கு நிற்பதும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உரிமையாக விற்பதைத் தடுத்தது. அதற்குள் நல்ல மூலைகள் பல கைமாறியிருந்தன.

இதைப் பார்த்துவிட்டு, பொறுத்திருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலிக் கோட்டை மறுபடி விலைபோக நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. இடைப்பட்ட மூன்று தலைமுறையும் சாப்பிட்டது கிராமத்தவருக்கு விற்ற பிடவையிலும் பலசரக்கிலும்தான்.

கோட்டையோடு நின்றுவிடாமல் உள்ளே போக வேண்டும். உனவட்டுன, கொக்கலை என்று கடற்கரையைப் பார்த்துவிட்டு, உட்புறமாக ஐந்தாறு மைல் போனால் நம்மவர்கள் திகைத்துப் போவார்கள். வீட்டுக்கு வீடு தேயிலை. தென்னைக்கும் கறுவாவுக்கும் நடுவே அரை ஏக்கர், ஒரு ஏக்கர். இலங்கைத் தேயிலையில் பாதிக்கும் மேல் இன்று தாழ்நிலத் தேயிலைதான். காலி, மாத்தறை, இரத்தினபுரிச் சிறு தோட்டக்காரர்களே அதில் பெரும்பகுதியைத் தருகிறார்கள். ஈராக், துருக்கி போன்ற நாடுகள் விரும்பி வாங்குவது அந்தக் கறுத்த, முறுக்கிய இலையைத்தான். காலியின் கப்பலைக் கொழும்புக்கு இழுத்தது மலை. இப்போது மலையின் தேயிலையைக் காலி இழுத்துக்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் பார்க்க வேண்டியது தேயிலையை அல்ல, அதன் பணம் ஓடும் வழியை. அங்கே தொழிற்சாலை விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்பது கணக்கு. பணம் ஆயிரம் வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. ஒருவருக்குக் கொழுந்து குறைந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கு வருவார். டயகமவில் நமது நிலைமை வேறு. தோட்டத்தின் சம்பள நாள்தான் நமது வியாபாரம், மற்ற நாளெல்லாம் கடன் கொப்பி. ஒரு தோட்டம் வேலை நாளைக் குறைத்தால் பஜார் முழுதும் குறையும். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போன பிறகு லயத்தில் வயதானவர்களே மிஞ்சுகிறார்கள். நமக்கும் ஒரே கப்பல்தான்.

காலிக் கோட்டை மரபுரிமையான அதே 1988 இல்தான் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவானது. டயகமப் பக்கத்தாலும் அங்கே ஏற ஒரு பழைய நடைபாதை உண்டு. ஆனால் வாகனங்கள் எல்லாம் பட்டிப்பொலவாலும் ஓஹியவாலும் போகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்காவது நமது பக்கம் திரும்ப என்ன வேண்டும் என்று பஜார் முதலாளிமார் ஒன்றாக உட்கார்ந்து பேசியதாக நான் கேள்விப்படவில்லை. கோட்டைக் கடைகளில் தேயிலையைச் சின்னப் பெட்டியில் ஊரின் பெயரெழுதி விற்கிறார்கள். டயகம என்று பெயர் எழுதிய ஒரு பக்கற்றை எங்கள் பஜாரில் நான் கண்டதில்லை. வெள்ளைக்காரன் வந்தால் கடையிலுள்ள தூளைத்தான் காட்ட வேண்டும்.

போக விரும்புவோருக்கு: ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கொழும்புப் பக்கம் இறங்கி, கொட்டாவைக்கருகே மாக்கும்புர நிலையத்தில் காலி பஸ் எடுக்கலாம். 2011 இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். திரும்பும்போது பழைய காலி வீதியால் வாருங்கள், நேரம் இரண்டு மடங்காகும். அம்பலாங்கொடை, அளுத்கமைப் பக்கத்து வீதியோரக் கடைக்காரர்களிடம் ஒரு தேத்தண்ணி குடித்து, நெடுஞ்சாலை திறந்த பிறகு வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பேருவளையில் சீனன்கோட்டை மாணிக்கச் சந்தையையும் காலையில் பார்க்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. வெள்ளிக்கிழமை போனால் ஜும்ஆவை மீரான் பள்ளியில் தொழலாம். வெளியே வந்ததும் கடைக்காரர்களோடு பேச்சுக் கொடுங்கள். வாடகை விஷயம் மட்டும் இலேசில் சொல்ல மாட்டார்கள்.