மிசின் வைத்த இடம் ஏன் அரிக்கிறது?

தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பால்வெட்டி ஓய்ந்த அவருடைய அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்துச் சில மாதங்கள் ஆகின்றன. காயம் ஆறிவிட்டது. ஆனால் மிசின் இருக்கும் இடம் அரிக்கிறது, தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது என்கிறாராம். இராத்திரியில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கிளினிக்கில் காட்டினால், மிசின் நன்றாக வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். "அப்படியென்றால் அப்பாவுக்கு இருப்பது வெறும் பயம்தானா?" என்று கேட்கிறார் மகள்.

அந்த மிசின் இதயத்தைத் துடிக்க வைக்கும் விதம் பலருக்கும் தெரியும். அது எதற்குள் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், உடலுக்குள் முழுவதுமாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரை சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே செனிங் பொருத்தினார். அதைச் செய்த பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்ட், சப்பாத்து பொலிஷ் டின்னை அச்சாக வைத்து, எபொக்சிப் பசையை ஊற்றி வார்த்திருந்தார். அது சில மணி நேரமே ஓடியது. ஆனாலும் நோயாளியான ஆர்னே லார்சன், அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது மட்டும் வாழ்ந்தார்.

இன்றைய கருவிகளின் கூடு டைட்டேனியம். இரத்தினபுரிக்கு இந்த உலோகம் புதிதல்ல; நீலக்கல்லுக்கு நீலம் வருவதே இரும்போடு சேர்ந்திருக்கும் துளி டைட்டேனியத்தால்தான். இதயத்துக்குப் போகும் கம்பிகளுக்கு சிலிக்கோன் அல்லது பொலியூரத்தேன் உறை. நம் தோட்டத்து மரத்துப் பாலுக்கும் அந்த உறைக்கும் சம்பந்தமில்லை. ஆகவே இறப்பர் பால் பட்டால் கை தடிக்கிறவர்கள் அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

இந்தப் பொருள்களோடு உடம்பு பொதுவாகச் சமாதானமாகவே இருக்கும். மிக அரிதாக ஒவ்வாமை வருவதுண்டு. பேஸ்மேக்கரால் வந்த தோல் அழற்சி பற்றிய மருத்துவக் குறிப்பு 1970இலேயே வெளியாகிவிட்டது. டைட்டேனியம், நிக்கல், எபொக்சி எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்க்கும் பரிசோதனையில் டைட்டேனியம் அடிக்கடி நழுவிவிடும். ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்றாகிவிடாது.

ஆனால் ஒவ்வாமை கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது கிருமித்தொற்று. சிவப்பு, சூடு, வீக்கம், நீர்க்கசிவு, தோல் மெலிந்து பளபளத்தல், மிசினின் விளிம்பு புடைத்துத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். கொழுப்பில்லாத மெலிந்த உடம்புகளில் இந்த ஆபத்து கூடுதல். அந்த இடத்தில் பத்துப் போடுவதும் தைலம் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

தொற்று இல்லையென்று உறுதியானால் மீதியைப் பொறுமையாகப் பார்க்கலாம். காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறும்போது சிறு நரம்புகள் அறுபடும். அவை தேறிவரும்போது மரத்துப்போவதும் ஊர்வதும் இயல்பு. வாசகியின் அப்பாவுக்கு எறும்பு ஊர்வது இதனாலும் இருக்கலாம். கட்டுப்போட்ட பிளாஸ்டரும் கிருமிநாசினியும் புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் அரிப்பைக் கொடுக்கும். சிலருக்கு மிசினுக்கு மேலே வலைபின்னியதுபோல் சிவந்திருக்கும்; விரலால் அழுத்தினால் வெளுக்கும். அது தீங்கில்லாத இரத்தக்குழாய் விரிவு.

பயத்துக்கும் சில சமயம் உடம்பிலேயே காரணம் உண்டு. ஒரே கம்பியுள்ள கருவிகளில் இதயத்தின் மேலறையும் கீழறையும் தாளம் தப்பித் துடிக்கலாம். அப்போது கழுத்தில் அடிப்பதுபோல் இருக்கும், மூச்சு வாங்கும், காரணமில்லாமல் மனம் பதறும். இது கற்பனையல்ல, கருவியின் அமைப்பைத் திருத்தினால் பலருக்கும் குறையும். "பயம்" என்று எழுதி மூடுவதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் வியப்பான சங்கதி. அரிப்பும் பதற்றமும் சேர்ந்தால் கை அங்கேயே போகும். தோலுக்கடியில் மிசினைத் தடவும், தள்ளும், திருப்பும். 1968இல் கனடா மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே பதிவுசெய்தார்கள். சின்ன வயதில் பட்டம் இறக்கும்போது நாங்கள் மீன்டின்னைச் சுழற்றி நூலைச் சுற்றியெடுப்போம். அதேபோல் மிசின் சுழலச் சுழலக் கம்பி அதன்மேல் சுற்றிக்கொள்கிறது. மறுநுனி இதயத்திலிருந்து கழன்று மேலேறுகிறது. வழியில் உதரவிதான நரம்பைத் தொட்டால் வயிறு துடிக்கும். தோள் நரம்புகளருகே வந்தால் கை துடிக்கும். மிசின் ஒழுங்காகத்தான் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும், அது போய்ச்சேர வேண்டிய இதயத்துக்குத்தான் போகாது. இதைச் செய்தவர்களில் பலர் தாங்கள் செய்வதையே அறியாதவர்கள். ஆகவே வயிறோ கையோ தாளத்தோடு துடித்தால், பழைய தலைச்சுற்று திரும்பினால், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மயங்கி விழுந்தால் 1990 சுவசெரியவை அழையுங்கள்.

மிசின் வைத்த பக்கத்துத் தோளில் கொழுந்துப் பையின் வார் அழுத்தக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். முதல் சில வாரங்கள் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல், அளவாக அசைத்தால் போதும்.

இவையெல்லாம் வீடு திரும்பும் நாளில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவை. ஆனால் சப்ரகமுவவில் தோட்டத்து நோயாளி பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டையோடும், சிங்களத்தில் கேட்ட பாதி விளக்கத்தோடும் லயத்துக்குத் திரும்புகிறார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அது இன்னும் வார்டுக் கட்டிலுக்கு வந்து சேரவில்லை. விலையுயர்ந்த கருவியை இலவசமாக நெஞ்சில் வைக்கும் நாட்டுக்கு, ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் அச்சடிப்பது பெரிய செலவல்ல.

அதுவரை அந்த மகளும் அவரைப் போன்றவர்களும் செய்யக்கூடியது இது. அரிப்பு எப்போது வருகிறது, எங்கே, என்ன நிறம், அப்போது அப்பாவின் கை எங்கே இருந்தது என்பதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளையொன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொற்று இல்லையா, கம்பி நகரவில்லையா, தாளம் சரியா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.