பொதுப்பெயர் மருந்துகளும் சாமானிய நோயாளியும்

நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படுவது வேறு. அம்மருந்து நோயாளியின் கைக்கு எட்டுவது வேறு. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒரு கூலித் தொழிலாளி, முப்பது நாட்களுக்கு எழுதித் தரப்பட்ட மாத்திரைகளில் பத்து நாட்களுக்குரியதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் காட்சியை நம் நாட்டின் எந்த மருந்துக் கடையிலும் காணலாம். அம்மருந்து நம் நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியாகிறது. ஆயினும் அதன் விலை அவருக்கு எட்டவில்லை.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14ஆம் ஆண்டில் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே நேரடியாகச் செலவிட்டனர். 2021-22இல் இது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பின்னரும் இது பெருஞ்சுமையே. இச்சுமையில் மருந்துச் செலவின் பங்கு கணிசமானது. ஆகவே பொதுப்பெயர் மருந்துகள் பற்றிய கேள்வி, மருத்துவத் துறையை மட்டுமன்றி, குடும்பப் பொருளாதாரத்தையும் சார்ந்ததாகும்.

பொதுப்பெயர் மருந்து எது?

ஒவ்வொரு மருந்துக்கும் உலகெங்கும் வழங்கும் பொதுப்பெயர் ஒன்று உண்டு. பாராசிட்டமால், மெட்ஃபார்மின் முதலியவை இத்தகையவை. இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தத்தமக்கென வணிகப் பெயர்களைச் சூட்டிக்கொள்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்தபின், அதே வேதிப்பொருளை அதே அளவில் பிற நிறுவனங்களும் தயாரிக்கலாம். இவையே 'ஜெனரிக்' எனப்படும் பொதுப்பெயர் மருந்துகள். முதல் ஆராய்ச்சிக்கான செலவு இவற்றுக்கு இல்லை. பலர் போட்டியிடுவதாலும் விலை குறைய வேண்டும்.

நம் நாட்டில் விற்பனையாகும் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை காப்புரிமை நீங்கியவையே. எனினும் அவை வணிகப் பெயர்களிலேயே விற்கப்படுகின்றன. ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கிறது. இதுவே நம் நாட்டு மருந்துச் சந்தையின் தனித்தன்மை எனலாம்.

சட்டம் திறந்த வழி

1911ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே 16 ஆண்டுக் காப்புரிமை வழங்கியது. இதனால் நாட்டின் தேவைக்கு ஏற்ப உற்பத்தி பெருகவில்லை. நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உருவாகி, 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்துகளைப் பொறுத்தவரை, பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று இச்சட்டம் வரையறுத்தது. வேறொரு செய்முறையைக் கண்டறிந்தவர் அதே மருந்தைத் தயாரிக்க இயன்றது. 1954இல் பிம்ப்ரியில் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனமும், 1961இல் அமைந்த இந்திய மருந்து நிறுவனமும் இத்துறைக்கு முன்னரே அடித்தளம் இட்டிருந்தன.

இதன் பயனை உலகமே கண்டது. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான நிலையில், சிப்லா என்னும் இந்திய நிறுவனம் 2001இல் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது.

உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைப்படி, 2005 சனவரி முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை மீண்டும் வந்தது. ஆயினும் பொதுநலப் பாதுகாப்புகள் சட்டத்தில் இடம்பெற்றன. மருந்தின் பயனை மிகுவிக்காத சிறு மாற்றங்களுக்குப் புதிய காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உறுதி செய்தது. அதற்கு முன், 2012 மார்ச்சில் சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையுள்ள அம்மருந்தை 8,880 ரூபாய்க்கு மேற்படாமல் விற்க வேண்டும் என உரிமத்தில் விதிக்கப்பட்டது.

தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர்

உற்பத்திக்குத் தடை நீங்கினால் விலை தானே குறையும் என்று பொருளாதாரம் படித்தோர் எதிர்பார்ப்பது இயல்பு. மருந்துச் சந்தையில் அவ்வாறு நிகழ்வதில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். பணம் தருபவர் நோயாளி. வணிகப் பெயர் எழுதப்பட்ட சீட்டுக்கு, அதே வேதிப்பொருள் அடங்கிய வேறு மருந்தைக் கடைக்காரர் தரலாகாது என்று மருந்து விதிகள் தடுக்கின்றன. உற்பத்தியாளர் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும், உறையில் அச்சிடப்படும் விலை உயர்வாக இருந்தால், அந்த வேறுபாடு விற்பவருக்கே இலாபமாகச் சேருமேயன்றி நோயாளிக்குச் சேராது.

இச்சிக்கல் புதிதன்று. ஜெய்சுக்லால் ஹாத்தி குழு 1975இலேயே வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கப் பரிந்துரைத்தது. 1978ஆம் ஆண்டு மருந்துக் கொள்கை முதற்கட்டமாக ஐந்து மருந்துகளைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் வழக்குகளில் சிக்கி அம்முடிவு பயன் தரவில்லை. மருத்துவர்கள் பொதுப்பெயரிலேயே மருந்தை எழுத வேண்டும் என 2016இல் நெறிமுறை திருத்தப்பட்டது. இதனை மேலும் கடுமையாக்கி 2023 ஆகஸ்டில் வெளியான விதிகள், அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன.

இன்றியமையா மருந்துகளுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வகுக்கிறது. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, சந்தையில் ஒரு சதவீதமேனும் பங்குள்ள தயாரிப்புகளின் விலைச் சராசரியே இதற்கு அடிப்படை. சந்தை விலை உயர்ந்திருந்தால் உச்ச விலையும் உயர்ந்தே அமையும் என்பது இம்முறையின் குறையாகும்.

கூட்டாக வாங்கும் வலிமை

தனி நோயாளிக்கு இல்லாத பேர வலிமை அரசுக்கு உண்டு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி, தரச் சோதனைக்குப் பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை நிலைநாட்டியது. 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கிய இராஜஸ்தானும் இவ்வழியையே பின்பற்றியது.

வெளிச்சந்தையை நாடுவோருக்காக 2008இல் மக்கள் மருந்தகத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன் 10,000ஆவது மையம் 2023 நவம்பரில் தேவ்கரில் திறக்கப்பட்டது. எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது. கேட்கும் மருந்து இருப்பில் இருக்க வேண்டும். சீட்டும் பொதுப்பெயரில் இருக்க வேண்டும்.

தரமே அடிப்படை

மலிவான மருந்து வேலை செய்யுமா என்ற ஐயம் மருத்துவர்களிடமும் மக்களிடமும் உள்ளது. இதனை வணிகப் பிரசாரம் என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. தரமற்ற மருந்தினால் ஏழைக்குப் பணமும் போகிறது, நலமும் போகிறது. எளிதில் கரையாத மருந்து வகைகள், மூல மருந்தைப் போன்றே உடலில் சேர்கின்றனவா என்று சோதித்துக் காட்டுவதை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. அதற்கு முன் உரிமம் பெற்ற தயாரிப்புகளும் இத்தகைய உறுதியைப் பெறுதல் வேண்டும். மருந்து ஆய்வாளர்களையும் ஆய்வுக்கூடங்களையும் பெருக்குவது, விலைக் கட்டுப்பாட்டுக்கு நிகரான தேவையாகும். ஆய்வு முடிவுகள் மருத்துவருக்கும் மக்களுக்கும் எளிதில் கிடைக்குமாறு செய்தால் நம்பிக்கை வளரும்.

மூலப்பொருள்களுக்குச் சீனத்தை நாம் பெரிதும் சார்ந்திருப்பதையும் மறத்தலாகாது. இச்சார்பைக் குறைக்க, 2020இல் 6,940 கோடி ரூபாயில் ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மலிவாக உற்பத்தி செய்யும் ஆற்றலை நாடு பெற்றுவிட்டது. இனி வேண்டுவது, அம்மலிவு நோயாளியைச் சென்றடையும் ஏற்பாடு. தரத்துக்கு அரசு பொறுப்பேற்பதும், மருத்துவர் பொதுப்பெயரில் எழுதுவதும், மாநிலங்கள் கூட்டாகக் கொள்முதல் செய்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் பயன் குறையும். முப்பது நாள் மருந்தையும் முழுமையாக வாங்க அத்தொழிலாளிக்கு இயலும்போதுதான் இத்திட்டங்கள் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.