இறங்காத இட்லி!

மயிலாப்பூர் மெஸ்ஸில் ரெண்டு இட்லிக்கு நாலு டம்ளர் தண்ணி குடிக்கிற ஃப்ரெண்டு இருக்கானா? ஓட்டாதீங்க பாஸ், 'அக்கலேசியா'வா இருக்கலாம். விழுங்கும்போது உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு திறக்கணும். நரம்பு செல்கள் அழிஞ்சா திறக்காது. சோறு மட்டுமில்ல, தண்ணியும் நிக்கும். ராத்திரி படுத்தா இருமலோடு மேலே வரும். உடம்பு இளைக்கும். 'அசிடிட்டி'னு மாத்திரை போட்டே பலர் வருஷங்களை ஓட்டிடறாங்க.

எண்டோஸ்கோப்பியில் ஆரம்பத்தில் ஒண்ணும் தெரியாமலே போகலாம். பேரியம் குடிச்சு எக்ஸ்ரே எடுத்தா, குழாயின் அடி பறவை அலகு மாதிரி கூம்பி நிக்கும். உறுதி செய்யறது மேனோமெட்ரி. நம்ம லேப் பிரஷர் கேஜோட ஒண்ணுவிட்ட தம்பி!

1674-ல் தாமஸ் வில்லிஸ் எழுதிவெச்ச வைத்தியம், திமிங்கில எலும்பு நுனியில் ஸ்பாஞ்ச் கட்டி உள்ளே தள்ளுவது. இப்போ பலூன், லேப்ராஸ்கோப்பி, 2008-ல் ஜப்பான் டாக்டர் இனோவே ஆரம்பிச்ச 'போயம்' (பேர்தான் கவிதை, வாய்வழியே போய் தசையை வெட்டுவாங்க!). எல்லாமே வால்வைத் தளர்த்தும். செத்த நரம்பு திரும்பாது. அதனால ராத்திரி சாப்பாடு சீக்கிரம், நல்லா மென்னு. சாப்பிட்ட கையோட படுக்காம, அடையாறு பக்கம் ஒரு ரவுண்டு நடக்கலாம்.